கூமாப்பட்டிக்கு நீர் வரும் வழி

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூமாப்பட்டி என்னும் பெயர் தமிழ்நாடெங்கும் திடீரென்று பரவியது. அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் தண்ணீரையும் தோப்புகளையும் கைப்பேசியில் படம் பிடித்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று எல்லோரையும் அழைத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். அழைப்பு வேடிக்கையாக இருந்தது. ஊரும் அழகாக இருந்தது. சில நாட்களுக்குள் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வத்திராயிருப்பைக் கடந்து மலையடிவாரத்தை நோக்கி வரத் தொடங்கின. அதுவரையில் அந்தச் சாலையில் தேங்காய் ஏற்றிய வண்டியும் நெல் மூட்டையுமே பெரிதும் போய்க்கொண்டிருந்தன.

வந்தவர்களிற் பலர் ஏமாற்றத்தோடு திரும்பினர். இதற்கு ஊரார் பொறுப்பல்லர். ஆனி மாதம் இப்பக்கத்தில் நீர் குறைந்திருக்கும் காலம். அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க நேர்ந்தது. அணையடியில் இருந்த பூங்காவோ பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடந்தது. அணைக்கு மேலே இருப்பது காடு. 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் அங்கு எவரும் நினைத்தபடி நுழைய முடியாது. ஆகவே, படத்தில் கண்ட நீர் எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

அந்த விடையைத்தான் இக்கட்டுரையில் கூற முயல்கிறோம். கூமாப்பட்டியின் அழகு நீரால் வந்தது. அந்த நீர் தானாக வந்து நிற்பதன்று. அதைக் கொண்டுவரும் ஏற்பாடு என்ன, அந்த ஏற்பாடு எதனால் நிலைக்கிறது, எதனால் குலையக்கூடும் என்பவை பயிர் செய்வோருக்கு மட்டுமன்றி, அவர்களுடைய அறுவடையை நம்பித் துணி நெய்வோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பு. அதற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டினாற்போல் கூமாப்பட்டி, பிளவக்கல் ஆகிய ஊர்கள். மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளில் இரண்டு நமக்கு முக்கியம்: ஒன்று பெரியாறு, மற்றொன்று கோவிலாறு. இந்தப் பெரியாற்றை முல்லைப் பெரியாறு என்று எண்ணி மயங்குவோர் இன்றும் உளர். அது வேறு, இது வேறு. முல்லைப் பெரியாற்றின் நீர் தேக்கடியிலிருந்து சுரங்கவழியாக வைகைப் படுகைக்குப் போகிறது. நம் பெரியாறோ இங்கேயே பிறந்து, கோவிலாற்றோடும் பிற ஓடைகளோடும் சேர்ந்து அர்ச்சுனா நதியின் பக்கம் போய், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து கடலை நாடுகிறது. பெயரில் பெரியாறு, அளவில் மழை பெய்தால் மட்டும் ஆறு.

1970-களில் இவ்விரு ஆறுகளின் குறுக்கேயும் அணைகள் எழுந்தன. இவற்றையே சேர்த்துப் பிளவக்கல் அணைகள் என்கிறோம். பெரியாறு அணையின் நீர்மட்ட உயரம் 47.56 அடி, அதன் கொள்ளளவு 192 மில்லியன் கன அடி. கோவிலாறு அணையின் உயரம் 42.64 அடி, கொள்ளளவு 133 மில்லியன் கன அடி. வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கொடிக்குளம், நெடுங்குளம், கான்சாபுரம், சுந்தரபாண்டியம் முதலிய ஊர்களைச் சுற்றி நாற்பது கண்மாய்கள் வழியாக எட்டாயிரத்து ஐந்நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் இவற்றை நம்பியிருக்கிறது.

இங்கே வாசகர்கள் பொறுமையோடு ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். இரண்டு அணைகளும் விளிம்புவரை நிரம்பினால் மொத்தம் 325 மில்லியன் கன அடி நீர். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆயக்கட்டு முழுவதிலும் இந்த நீரைச் சிந்தாமல் சிதறாமல் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? ஏறத்தாழப் பத்தரை அங்குலம்; அவ்வளவுதான். ஒரு போகம் நெல் விளைய ஏறக்குறைய நான்கு அடி உயர நீர் வேண்டும் என்பது வேளாண்மை அறிஞர் கூறும் அளவு. அணை நிரம்பிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு மகிழும் நாம், அந்நீர் பயிரின் தேவையில் கால்பங்கைக்கூட எட்டவில்லை என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

மீதி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி நேரே வானத்திலிருந்து வருகிறது. இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 32 அங்குலம். அதிற் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்வது. இன்னொரு பகுதியைக் கண்மாய்கள் தேடித் தருகின்றன. கண்மாய் என்பது அணையின் நீரை வாங்கி வைக்கும் தொட்டி மட்டும் அன்று. தன்னைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் பெய்யும் மழையையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை நிரம்பி, மடைவழியே வயலுக்குப் போய், மறு மழையில் மீண்டும் நிரம்புகிறது. நல்ல ஆண்டில் ஒரே கண்மாய் இரண்டு மூன்று முறை நிரம்பக் காணலாம். அணைக்கு ஓராண்டில் கிட்டாத பெருக்கம் கண்மாய்க்குக் கிட்டுகிறது.

மூன்றாவது பகுதி கண்ணுக்குத் தெரியாதது. கண்மாயிலும் வாய்க்காலிலும் மண்ணுக்குள் இறங்கும் நீரை வீணாயிற்று என்று கணக்கில் எழுதுவது வழக்கம். அந்த நீரே கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது. கூமாப்பட்டியின் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சித்திரை வைகாசியில் பச்சையாக நிற்பது கிணற்று நீரால். கிணறு நிற்பது கண்மாய் நீரால். வாய்க்கால் முழுவதையும் சிமெண்டுப் பூசி ஒரு சொட்டும் இறங்காமற் செய்துவிட வேண்டும் என்று சொல்வோர், தோப்புக்காரரின் கிணற்றையும் கேட்டு முடிவு செய்வது நன்று.

இனிக் கண்மாயின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நீரைத் தாங்கி நிற்பது கரை. கரையின் அடியில் வயலுக்கு நீர் விடுவது மடை. அளவுக்கு மிஞ்சிய நீர் தானே வழிந்து போகக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்ந்த இடம் கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் அடுத்த கண்மாயின் வரத்துக் கால்வாயிற் போய் விழும். அதன் கலுங்கு அதற்கடுத்ததற்கு. மலையடியில் தொடங்கிக் கிழக்கே இவ்வாறு படிப்படியாகத் தொடர்ந்து இறங்கும் கண்மாய்களை ஒரு சங்கிலி என்பது பொருந்தும். மேலுள்ள கண்மாயின் கலுங்கை ஒருவர் மண்மூட்டை வைத்து ஓரடி உயர்த்திவிட்டால், கீழுள்ள ஊருக்கு நீர் பத்து நாள் பிந்தும். மேலுள்ள கரை உடைந்தாலோ வெள்ளம் மொத்தமாக இறங்கிக் கீழ்க்கரையையும் உடைக்கும். ஆகவே, கீழூரார் மேலூர்க் கரையின் நலத்தைத் தம் கரையின் நலமாக எண்ண வேண்டியிருக்கிறது. உறவு முறையால் வந்த அன்பு இதிற் கொஞ்சம். மண்ணின் சரிவு கற்பித்த அறிவு மிகுதி.

மடையைத் திறந்து, முறைப்படி வயல் வயலாக நீர் பாய்ச்சி, மடையை அடைப்பவர் நீர்பாய்ச்சி. முற்காலத்தில் அவருக்குக் கூலி பணமாக இராது. களத்தில் நெல்லாக அளக்கப்படும். விளைச்சல் குறைந்தால் அவர் பங்கும் குறையும். ஆகவே ஒரு வயல் காய்ந்தாலும் அது அவருக்கும் நட்டம். இத்தகைய ஏற்பாட்டைப் பழைய வழக்கம் என்று தள்ளிவிடுவோர், அதன் உள்ளே இருந்த கணக்கையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். எனினும் நாம் பழமையை முழுவதும் போற்றவில்லை. எவர் நீர்பாய்ச்சியாக இருப்பது, எவர் வயலுக்கு முதலில் நீர் என்பவற்றிற் பிறப்பும் செல்வாக்கும் புகுந்து செய்த கொடுமையும் அதே வழக்கத்தில் உண்டு. கணக்கை வைத்துக்கொண்டு கொடுமையை விடுவது நம் கையில் உள்ளது.

இவ்விடத்தில் பழைய வினா ஒன்று எழும். மேல்மடைக்காரருக்கு நீர் முதலில் கிட்டுகிறது. தம் வயல் நிரம்பியபின் அவர் கீழ்மடைக்காரருக்கு ஏன் நீர் விட வேண்டும்? சட்டத்துக்கு அஞ்சியா, ஊருக்கு அஞ்சியா, தருமத்துக்கு அஞ்சியா? இவ்வினாவை ஆராய்ந்து மிகத் தெளிவான விடை கண்ட இடம் நமக்கு வெகு தொலைவில் உள்ளது. கடல் கடந்து இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சற்றே போய்வருவோம்.

பாலி நம் விருதுநகர் மாவட்டத்தைவிடப் பெரிய தீவு. எரிமலைச் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய நெல் வயல்கள் அங்கு மிகுதி. ஒரே நீர்மூலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உழவர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். ஐம்பது உழவர் கொண்ட சிறு சுபாக்கும் உண்டு, நானூறு பேர் கொண்டதும் உண்டு. தீவெங்கும் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன; இம்முறை ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இருந்துவருவது. தலைவரைப் பெகசே என்பர். விதிகளைப் பனையோலையில் எழுதி வைப்பது பழைய மரபு. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையை இட்டு, அதில் அகலம் அளந்து பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். எந்தப் பள்ளத்தின் வழியாக எவ்வளவு நீர் போகிறது என்பதை எவரும் கண்ணால் பார்த்து அறியலாம். சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுகோல் இது. எந்த வட்டாரம் எப்போது நடுவது என்பது நீர்க்கோயில்களில் கூடி முடிவாகும்.

1970-களில் அரசு புதிய நெல் வகைகளையும் உரத்தையும் கடனையும் கொண்டுவந்தது. எவ்வளவு முறை முடியுமோ அவ்வளவு முறை நடுங்கள் என்று சொல்லிற்று. கோயில் முறை கைவிடப்பட்டது. அவரவர் நினைத்தபோது நட்டனர். முதலில் விளைச்சல் கூடியது. பிறகு புகையானும் துங்ரோ நோயும் எலியும் வந்து அழித்தன. மருந்து தெளித்தனர்; பூச்சி நிற்கவில்லை. ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலார் தம் துணைவர்களோடு இதை ஆராய்ந்து, கணிப்பொறியிற் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கண்டது இது: ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுத்துத் தரிசு போட்டால், பூச்சிக்கும் எலிக்கும் உணவில்லாத சில வாரங்கள் உண்டாகின்றன, அவை பட்டினியால் குறைகின்றன. ஒருவர் வயலில் பயிரும் அடுத்தவர் வயலில் தரிசுமாக இருந்தால் அவை வயல் மாறி வாழ்கின்றன.

நம் வினாவுக்கு விடை இதில் உள்ளது. கீழ்மடைக்காரருக்குக் குறை நீர். மேல்மடைக்காரருக்கு அந்தக் குறையில்லை. ஆனால் பூச்சி மேல், கீழ் என்று பாராது. கீழே உள்ளவர் நீரின்றிப் பிந்தி நட்டால், அவருடைய வயலில் வளர்ந்த பூச்சி மேலே ஏறிவரும். ஆகவே, எல்லோரும் ஒரே காலத்தில் நடும்படியாகக் கீழே நீர் விடுவது மேலுள்ளவருக்கே இலாபம். கீழுள்ளவரும் நீர் கிட்டினால் முறையோடு நிற்கிறார். கூட்டுறவு என்பதை நாம் அடிக்கடி பெருந்தன்மையாகப் பேசுகிறோம். பாலியின் உழவர் அதை வரவு செலவாகவே பார்த்தனர். ஆசிய வளர்ச்சி வங்கி பாலியில் தான் உதவிய நீர்ப்பாசனத் திட்டத்தை 1988-இல் மதிப்பிட்டபோது, மரபு முறையை ஒதுக்கியது தவறு என்ற கருத்துக்கே வந்தது.

இதை அப்படியே இங்கே நடச் சொல்வது நம் நோக்கமன்று. எல்லோரும் ஒரே வாரத்தில் அறுத்தால் அறுவடை எந்திரம் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் அன்றே திறந்திருக்க வேண்டும். இல்லையேல் பூச்சிக்குத் தப்பிய நெல் தரகரிடம் அகப்படும். எனினும், அணை திறந்த செய்தி வந்ததும் ஒரு கண்மாயின் ஆயக்கட்டுக்காரர் கூடி, இத்தனையாம் தேதிக்குள் நாற்றுப் பாவுவது என்று முடிவு செய்தால், மருந்துக் கடையில் வைக்கும் பாக்கி குறையும் என்பதில் ஐயமில்லை.

பாலியை இழுத்து வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சுபாக் முறையை யுனெஸ்கோ 2012-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அப்பட்டியலிற் சேர்ந்த இடங்களுள் ஜதிலுவி என்னும் உழவர் கிராமமும் ஒன்று. அதன்பின் உலகெங்கிலுமிருந்து மக்கள் அந்த வயல்களைப் பார்க்க வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, உணவு விடுதிகள் வந்தன, சாலை நெரிந்தது. கட்டணத்தில் ஊருக்கும் சுபாக்குகளுக்கும் பங்கு உண்டென்றாலும், வயலை வயலாக வைத்திருக்கும் உழவன் கைக்கு வருவது மிகக் குறைவு என்ற குறை அங்கே நீடிக்கிறது. பார்க்க வருபவன் பார்ப்பது உழவனின் உழைப்பை. பணம் கொடுப்பது விடுதிக்காரனிடம். அந்த உழவன் ஒருநாள் வயலை விற்றுவிட்டால் பார்க்க ஒன்றும் இராது. பாலியில் ஆண்டுதோறும் நெல் வயல்கள் கட்டிடங்களாக மாறிவருவது அத்தீவின் பெருங்கவலை.

கூமாப்பட்டிக்கு அத்தகைய பட்டம் ஒன்றும் வரவில்லை; வந்தது ஒரு கோடைப் புகழ். ஆயினும் அதன் விளைவுகள் உடனே தலைகாட்டின. பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீரமைக்க 10 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அதே 2025-இல் அரசு அறிவித்தது. இதை நாம் வரவேற்கிறோம். குழந்தைகளோடு வருவோருக்கு நிழலும் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும். ஆனால் பூங்காவுக்குக் கிடைத்த கவனம் அதே அணையின் கால்வாய்களுக்கும் கண்மாய்களுக்கும் கிடைக்க வேண்டாமா? வரத்துக் கால்வாயிற் சீமைக்கருவேல் முளைத்தால் படம் எடுப்பவர் எவரும் இல்லை. கண்மாயில் வண்டல் ஏறி நான்கில் ஒரு பங்கு தூர்ந்தால் அது செய்தியாவதில்லை. மேலே காட்டிய கணக்கை நினைவிற்கொண்டால், தூர்ந்த கண்மாய் என்பது அணையில் விழுந்த ஓட்டையைவிடப் பெரிய நட்டம் என்பது விளங்கும்.

இவ்வேலைக்குச் சட்டமும் வழியும் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், ஆயக்கட்டுக்காரர் தம் சங்கத்தைத் தேர்தல் மூலம் அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. 2017-இல் அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரை மீட்டு, ஆயக்கட்டுக்காரர் பங்கோடு கண்மாய் வேலைகளை நடத்தியது. வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி வயலுக்கு எடுத்துக்கொள்ளவும் 2024-இல் ஏற்பாடாயிற்று. வண்டல் எடுப்பதில் ஓர் எச்சரிக்கை: கரையை ஒட்டி ஆழமாக வெட்டக் கூடாது. மடைமட்டத்துக்குக் கீழே வெட்டிய குழியில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது. கரையும் பலம் இழக்கும்.

நம் கருத்து யாதெனில், பிளவக்கலுக்கு வருவோரிடம் வண்டி நிறுத்தவும் பூங்காவில் நுழையவும் கட்டணம் வாங்கப்பெறுமானால், அதில் ஒரு பங்கு பாசனச் சங்கங்களுக்கு எழுத்து மூலமாக ஒதுக்கப்பட வேண்டும், அதுவும் முதலாண்டிலேயே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பங்கு எங்கும் வந்து சேர்ந்ததில்லை. ஜதிலுவியின் உழவர் இன்றுவரை வாதாடுவது இதைக் குறித்தே. மலையடியில் யானையும் காட்டுப்பன்றியும் தென்னங்கன்றையும் பயிரையும் அழிக்கும் இடங்களில், நிலத்தை விற்றுவிடலாமா என்னும் எண்ணம் ஏற்கெனவே உள்ளது. அங்கே தோப்பு விடுதியாக மாறினால் ஒரு கிணறு மட்டும் கைமாறுவதில்லை. அந்த விடுதியின் ஆழ்துளைக் கிணறு பக்கத்துத் தோப்பின் நீரையும் எடுத்துக்கொள்ளும்.

நெசவாளருக்கு இதில் என்ன உண்டு என்று சுந்தரபாண்டியத்து அங்கத்தினர் கேட்கலாம். கண்மாய் நிரம்பிய ஆண்டில் தைப் பொங்கலுக்குச் சேலை போகும். வறண்ட ஆண்டில் தறியில் ஏறிய பாவு முடிந்தும் சரக்கு சங்கத்திலேயே தங்கும். உழவர் வீட்டுக் கையிருப்பும் நெசவாளர் வீட்டுக் கூலியும் இவ்வளவு நெருக்கமாக இணைந்த வட்டாரங்கள் சிலவே. அத்துடன், வெளியூரிலிருந்து வருவோர் திரும்பும்போது எதையாவது வாங்கிப்போக விரும்புவர். திருவில்லிபுத்தூரில் பால்கோவாவை வாங்குகிறார்கள்; 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிளவக்கல் பூங்கா வாயிலில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கடை கேட்டால், கடை ஏலத்துக்குப் போகும் முன்னே கேட்க வேண்டும். ஏலம் முடிந்தபின் கொடுக்கும் விண்ணப்பத்தால் பயனில்லை.

கூமாப்பட்டியைப் பார்க்க விரும்புவோருக்குக் காலம் கார்த்திகை முதல் தை வரை. அணை திறந்து, கண்மாய்கள் நிரம்பி, கலுங்கில் நீர் வழியும் நாட்கள் அவை. தை மாதத்தில் கதிர் முற்றியிருக்கும். கண்மாய்க் கரைமேல் நடந்தால் மேற்கே மலையும் கிழக்கே வயலும் ஒருங்கே தெரியும். கரைமேல் வண்டி ஓட்டக் கூடாது. மடை திறந்திருக்கும்போது அதனருகே உட்பக்கமாக இறங்கவும் வேண்டாம். மேலே நீர் அசையாததுபோல் இருந்தாலும் மடைவாயில் இழுப்பு மிகப் பலமானது.